பன்னிரண்டு கொசு உள்ளான்களின் கடைசி எடை

இரும்புலியூரில் எங்கள் தெருவுக்கு வந்து ஸ்டெல்லா வீடு எது என்று கேட்டால் ஆளாளுக்கு முழிப்பார்கள். கொழுப்பு பார்க்கிற ஸ்டெல்லா என்று கேளுங்கள், நேராக வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் முப்பத்து நான்கு வருடம் ஆய்வுக்கூட வேலை பார்த்தவளுக்குத் தெரு கொடுத்த பட்டம் இது. என் மாமியார் இருந்தவரை, முதலில் இவள் கொழுப்பை அளக்க ஒரு மிஷின் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

வேலை உண்மையில் அதுதான். எலி, வௌவால், குருவி போன்ற சின்னக் காட்டு உயிர்களின் உடம்பில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கொழுப்பு என்றால் நமக்கு வியாதி. அதுகளுக்கு அது சேமிப்பு. இரை கிடைக்காத நாளைத் தாண்டவும், குட்டிக்குப் பால் கொடுக்கவும், நாடு விட்டு நாடு பறக்கவும் அதுதான் கைப்பொருள். ஒரு இடம் அந்த உயிருக்கு ஒழுங்காகச் சோறு போடுகிறதா இல்லையா என்பதைக் கொழுப்பு சொல்லிவிடும்.

போன மாதம் என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் திவ்யா போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். துறைக்குப் புது மிஷின் வந்திருக்கிறது. ஒரு வயல் எலியைக் குழாய்க்குள் விடுகிறார்கள். மயக்க மருந்து இல்லை, ஊசி இல்லை. எலி மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு நிமிடத்தில் திரையில் கொழுப்பு தனியாக, சதை தனியாக, தண்ணீர் தனியாக வந்துவிடுகிறது. எலியை எடுத்து வெளியே விட்டார்கள், அது பாட்டுக்கு ஓடிப்போனது. நான் அந்த வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். கூடவே திவ்யா, உங்க அனுபவத்தைத் துறை மலருக்கு எழுதிக் கொடுங்க அக்கா என்று கேட்டிருந்தாள். அந்தக் காலம் மாதிரி வருமா என்று நான் உருகுவேன் என எதிர்பார்த்திருந்தால், மன்னிக்க வேண்டும். அந்தக் காலம் மாதிரி வரவே வேண்டாம்.

முதல் ஏழு வருடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டினால் எனக்கே பிடிக்காது. அப்போது கொழுப்பை அளக்க ஒரே வழிதான் எங்களுக்குத் தெரியும். உயிரைக் கொன்று, அடுப்பில் உலர்த்தி, பொடியாக்கி, காகிதக் கூட்டில் போட்டு, கண்ணாடிக் கருவியில் ஒரு நாள் முழுக்க ஈதரைக் கொதிக்கவைத்து அதன்மேல் வடியவிட வேண்டும். கொழுப்பெல்லாம் கரைந்து கீழே குடுவைக்கு வந்துவிடும். ஈதர் ஆவியான பிறகு அடியில் கொஞ்சம் மஞ்சளாக நிற்கும், உறைந்த நெய் மாதிரி. அதை எடை போட்டு எழுதினால் வேலை முடிந்தது. எலியும் முடிந்தது. வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாலும் அந்த வாடை போகாது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு முழம் தள்ளி நின்றுதான் பேசுவார்.

கொல்வதும் என் பொறுப்புதான். நெஞ்சுக்கூட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் சின்ன உயிர் சில நொடியில் அடங்கிவிடும். நான் அதைத் துடிக்கவிடாமல் செய்வேன் என்று துறையில் எனக்குப் பேர். வெளியே யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத பேர் அது. வீட்டில்கூடச் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

எட்டாவது வருடம் குணசீலன் சார் வந்தார். ஒல்லியான மனிதர், சேலையூரிலிருந்து சைக்கிளில் வருவார், ஆஸ்துமாக்காரர். மேலதிகாரி என்றால் சத்தம் போட வேண்டும் என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் யாரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். பிரின்சிபாலும் நீங்க, கூட்டுகிற அம்மாவும் நீங்க. பையிலிருந்து ஒரு குருவியை எடுக்கும்போதுகூட, "வாங்க, ஒரு நிமிஷம்தான்" என்பார். முதல் நாள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, பாத்ரூமுக்கு ஓடிவிட்டேன். ஆறு மாதத்தில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. நாம் எழுதிய எண்ணில் சந்தேகம் வந்தால், "இன்னொரு வாட்டி பாத்துடலாமா?" என்பார். எதையும் மூன்று முறை அளக்க வேண்டும், நடு எண்ணை எழுத வேண்டும், பென்சிலால் எழுத வேண்டும். மையால் எழுதினால் ஈரத்தில் ஊறிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். அந்த மனிதருக்கு எதையுமே அழுத்தி எழுதப் பிடிக்காது என்பது நான் கண்ட காரணம்.

அவர் வந்த பிறகு ஈதர் கருவி மெல்ல மெல்லப் பரண் ஏறியது. பறவையைக் கொல்லாமலே கொழுப்பைப் பார்க்கும் ஊதும் முறையை அவர்தான் கொண்டுவந்தார். பறவையை மல்லாக்கப் பிடித்து, அதன் கழுத்து நம் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். நசுக்கவும் கூடாது, நழுவவும் கூடாது. பிறகு தொண்டைக்குழியில் லேசாக ஊத வேண்டும். இறகு பிரிந்து தோல் தெரியும். பறவைத் தோல் வெங்காயச் சருகைவிட மெல்லியது, உள்ளே இருப்பது அப்படியே தெரியும். சிவப்பாகச் சதை மட்டும் தெரிந்தால் சைபர். குழியின் ஓரத்தில் மஞ்சள் கோடு தெரிந்தால் ஒன்று. குழி மட்டமாக நிறைந்தால் மூன்று. நிரம்பி மேடாகத் தெரிந்தால் ஐந்து. அவ்வளவுதான் விஷயம், ஆனால் ஊதுவதற்குப் பக்குவம் வேண்டும். சூடான பால் டம்ளரில் ஆடையை ஒதுக்குவோமே, அந்த அளவு மூச்சு. சாருக்கு மூச்சு இழுக்கும், அதனால் அவரால் ஊத முடியாது. ஊதுகிற வேலை எனக்கு வந்தது. உயிரை எடுத்த கைக்கு உயிர்மேல் ஊதுகிற வேலை கிடைத்ததே என்று நான் சர்ச்சில் முட்டி போட்டு நன்றி சொன்னேன்.

இனி கோவளத்துக்கு, எங்கள் பக்கத்துக் கடற்கரைக் கோவளத்துக்கு, வருகிறேன். அங்கேதான் நான் பெரிய தப்பு ஒன்றைச் செய்தேன்.

ஹேமா என்று சாரிடம் ஒரு ஆராய்ச்சி மாணவி. குரோம்பேட்டையில் வீடு, அப்பா பேங்க்கில் வேலை. பெண் படு சூட்டிகை. கொசு உள்ளான் என்று ஒரு பறவை, நம் சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. குளிர்காலம் முழுக்க கோவளத்து உப்பங்கழிக் காயல் சேற்றில் ஓடி ஓடிப் பொறுக்கித் தின்றுவிட்டு, கோடை தொடங்கும்போது கிளம்பி வடதுருவத்துப் பக்கம் வரை போய்விடும். அவ்வளவு தூரம் போக வேண்டிய கொழுப்பை நம் காயல் கொடுக்கிறதா என்பதுதான் ஹேமாவின் கேள்வி. அதற்காகச் சார் எங்கேயோ எழுதிக் கேட்டு, வெளிநாட்டிலிருந்து ஒரு மிஷினை ஒரே ஒரு சீசனுக்கு இரவல் வாங்கியிருந்தார்.

அது ஒரு குழாய், சுற்றிலும் செப்புக் கம்பிச் சுருள். பறவையை உள்ளே வைத்தால் உடம்பு எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று ஒரு எண் காட்டும். சதையில் தண்ணீரும் உப்பும் இருப்பதால் அது கடத்தும், கொழுப்பு கடத்தாது. அந்த எண்ணிலிருந்து சதை எத்தனை கிராம் என்று கணக்குப் போடலாம். மொத்த எடையில் சதையைக் கழித்தால் மிச்சம் கொழுப்பு. பறவைக்கு ஒரு வலியும் கிடையாது. ஆனால் உள்ளே அது அசையாமல் படுக்க வேண்டும். அதற்காக என் வீட்டுக்காரரின் பழைய மல் வேட்டியைக் கிழித்து, உள்ளங்கை அளவுத் தலையணைக்கு உறை தைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருபது உறை தைத்தேன். பறவையை உறைக்குள் நுழைத்தால் சாதுவாகக் கிடக்கும். வெறும் உறையை மிஷினில் வைத்துச் சார் கல்லூரியிலேயே மூன்று முறை பார்த்தார். சைபர், சைபர், சைபர். உறையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று முடிவானது.

கோவளத்தில் மீன் விற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். நானும் ஹேமாவும் அங்கேயே தங்கினோம். சார் தாம்பரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருவார். வலை கட்டுவது ஏழுமலை அண்ணன். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், முதுகு வலி வந்ததும் எங்களோடு சேர்ந்துகொண்டார். விடியும்போது வலையில் விழுந்த உள்ளான்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தனித்தனிப் பையில் போட்டு, வீட்டு உத்தரத்து ஆணியில் மாட்டுவோம். பிறகு ஒவ்வொன்றாக எடை, மிஷின், ஊதல், காலில் எண் போட்ட அலுமினிய வளையம், விடுதலை. வளையம் எப்போதும் கடைசிதான், முதலில் போட்டால் மிஷின் அதையும் சேர்த்துப் படிக்கும்.

பிப்ரவரி பாதியில் எல்லாம் கோணல்மாணலாகப் போக ஆரம்பித்தது. நான் ஊதிப் பார்த்தால் மஞ்சள் குழி நிரம்பி நிற்கிறது, நான்கு என்கிறேன். மிஷின் அதே பறவைக்குக் கொழுப்பே இல்லை என்கிறது. சிலதற்கு அதைவிட மோசம். இருபத்தேழு கிராம் பறவைக்கு இருபத்தொன்பது கிராம் சதை என்று கணக்கு வந்தது. அப்படியானால் கொழுப்பு மைனஸ் இரண்டு. ஏழுமலை அண்ணன் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இல்லாததுக்கும் கீழ ஒண்ணு கீதா?" என்று கேட்டார். நான் சிரித்தேன், ஹேமா சிரிக்கவில்லை. அவளுக்கு உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது. மிஷினும் ஏப்ரலில் திரும்பிப் போக வேண்டும்.

வோல்டேஜ் பார்த்தோம், ஸ்டெபிலைசர் மாற்றினோம், குழாயைத் துடைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஹேமாவே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். மிஷினோடு வந்த கணக்கு வேறு ஏதோ பறவைக்குப் போட்டது, நம் உள்ளானுக்கு அது பொருந்தவில்லை. உள்ளானுக்கென்று தனிக் கணக்குப் போட வேண்டும். அதற்கு ஒரே வழி, கொஞ்சம் பறவைகளை மிஷினில் அளந்து, பிறகு கொன்று, ஈதரில் போட்டு உண்மையான கொழுப்பைக் கண்டுபிடித்து, இரண்டு எண்ணையும் பொருத்திப் பார்ப்பது. குறைந்தது பன்னிரண்டு பறவை வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். சார் இரண்டு நாள் அந்தப் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினார். அனுமதியும் வந்துவிட்டது, முத்திரையோடு. பரணிலிருந்து ஈதர் கருவியை நான்தான் இறக்கித் துடைத்து வைத்தேன்.

மார்ச் கடைசியில் ஒரு விடியற்காலை. உத்தரத்து ஆணிகளில் பன்னிரண்டு பைகள். தாளில் பன்னிரண்டு வரிசை கோடு போட்டு வைத்திருந்தார் சார். எடை, மிஷின் எண், ஊதல் எண். அதற்குப் பிறகு வழக்கமாக வளைய எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கும். அன்றைக்கு அதைப் போடவில்லை. பதிலுக்குக் கடைசியாக ஒரு கட்டம் போட்டு, மேலே 'கடைசி எடை' என்று எழுதியிருந்தார். ஈதரில் போட்டு எடுத்த பிறகு எழுத வேண்டிய எடை அது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது, காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று கடற்கரைப் பக்கம் போய்விட்டார். ஹேமா முன் அறையில் பழைய நோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின் அறையில் நானும் பறவைகளும் மட்டும்.

வாங்க, ஒரு நிமிஷம்தான் என்று வாய் பழக்கமாகச் சொல்லிவிட்டது. பிறகு யாரிடம் பொய் சொல்கிறோம் என்று வெட்கமாகப் போய், அடுத்ததற்குச் சொல்லவில்லை. முதலில் எல்லாவற்றையும் உயிரோடு அளந்துவிட வேண்டும், அதற்கப்புறம்தான் கட்டைவிரல் வேலை. ஆறு முடிந்தது. ஏழாவதை உறையிலிருந்து எடுத்துத் தொண்டைக்குழியில் ஊதும்போது, அது தலையைத் திருப்ப, கழுத்து இறகு ஒன்று பிய்ந்து என் உதட்டில் ஒட்டிக்கொண்டது. இரண்டு கையும் பறவையிடம். நாக்கால்தான் தள்ளினேன்.

உப்பு கரித்தது.

காயல் பறவை உப்பாகத்தான் இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் நான் இருபது வருடம் சமையல் செய்த பெண். இது லேசான உப்பு இல்லை, ஊறுகாய்க்குப் போடுகிற உப்பு. பறவையைப் பைக்குள் வைத்துவிட்டு உறையைக் கையில் எடுத்தேன். மல் வேட்டித் துணி அப்பளம் மாதிரி விறைத்திருந்தது, அதே நேரம் ஜில்லென்றும் இருந்தது. ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

அப்போதுதான் எல்லாம் ஒரே அடியாக விளங்கியது. கல்லூரியில் சார் வெறும் உறையை அளந்தபோது, அது தாம்பரத்துத் தண்ணீரில் நான் துவைத்துக் காயவைத்த உறை. கோவளம் வந்த பிறகு, பறவை எச்சம் பட்டது ஆகாது என்று ஒவ்வொரு நாளும் அந்த இருபது உறையையும் கொல்லைப்புற அடிபம்பில் துவைத்தேன். வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர், குடிக்க நாங்கள் குடத் தண்ணீர் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தோம். துவைக்கத் துவைக்க உப்பு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. கடல்காற்றில் துணி முழுதாகக் காயவும் காயாது. ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். மிஷின் அந்த உப்பையும் பறவையின் சதை என்று படித்திருக்கிறது. சதை கூடினால் கொழுப்பு குறையும். மைனஸ் கொழுப்பு வந்ததற்கு என் சுத்தம்தான் காரணம்.

வெறும் உறையை மிஷினில் வைத்தேன். கல்லூரியில் சைபர் காட்டிய உறை இப்போது பாதி உள்ளான் அளவு எண் காட்டியது.

நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை, அதனால் அடுத்த கால் மணி நேரத்தையும் அப்படியே எழுதுகிறேன். நான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். பதினோரு வருடமாக நான் தற்காலிக ஊழியர்தான். என்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிய கடிதம் சாரின் கையெழுத்துக்காக அவர் மேஜையில் இருந்தது. இரண்டு மாத வேலையைக் கெடுத்தவள் நான் என்று இப்போது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்? அதுதான் விஷயம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இதே உப்பு உறையில் அளந்து, இந்தப் பன்னிரண்டையும் கொன்று கணக்குப் போட்டால், அந்தக் கணக்கிலேயே உப்பும் கரைந்து போய்விடும். பழைய எண்களும் ஏறத்தாழச் சரியாகிவிடும். ஹேமாவுக்குப் பட்டம், எனக்கு வேலை, சாருக்கு நிம்மதி. செலவு, பன்னிரண்டு உள்ளான்கள். என் கட்டைவிரலுக்குப் பழக்கமான வேலை.

பைகள் ஆணியில் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே இருக்கும் பறவை புரளும்போது பை ஆடும். ஏழாவது பை மட்டும் விடாமல் ஆடியது. வீட்டில் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் என் மகள் ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. எழுந்து கதவைத் திறந்தேன்.

சார் திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் அழாமல்தான் சொன்னேன் என்று நினைவு. ஹேமா அழுதீர்கள் என்கிறாள். சார் முழுக்கக் கேட்டார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, உறையைக் கையில் வாங்கி, "இன்னொரு வாட்டி பாத்துடலாமா?" என்றார். வெறும் உறையை மூன்று முறை அளந்தார். நடு எண்ணைப் பென்சிலால் எழுதினார். வேறு இரண்டு உறையை எடுத்து அதையும் அளந்தார், ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண். எந்தப் பறவைக்கு எந்த உறை என்று நாங்கள் குறித்து வைக்கவில்லை, அதனால் பழைய எண்களைத் திருத்தவும் வழியில்லை. கடைசியில் அந்தப் பெரிய மனிதர், கல்லூரியே கைகூப்புகிற மனிதர், துணியின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"வளையப் பெட்டியை எடுங்க ஸ்டெல்லா" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. வளையம் வீட்டுக்குத் திரும்பப் போகிற பறவைக்குப் போடுவது. புரிந்ததும் பெட்டியை எடுத்து வந்து மூடியைத் திறந்தேன்.

முன் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஹேமா கொல்லைக்குப் போனாள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிபம்பை அடித்து, ஒரு கை தண்ணீர் பிடித்து வாயில் வைத்துத் துப்பினாள். பிறகு பம்பு மேடையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுக்கா."

"ஆமாம்மா."

"எனக்கு உங்க மேல ரொம்பக் கோவமா இருக்கு. இப்பப் பேச வேணாம்."

அப்படிச் சொல்லிவிட்டு முதல் பையை ஆணியிலிருந்து இறக்கினாள். அவள் பிடித்துக்கொள்ள நான் வளையம் போட்டேன், சார் தாளில் வரிசைக்கு நேராக வளைய எண்ணைக் குறித்தார். பன்னிரண்டும் ஒவ்வொன்றாக என் கையிலிருந்து காயல் பக்கம் பறந்தன. ஏழுமலை அண்ணன் வலையைச் சுருட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு இதுங்களுக்கு ஏதோ நோம்பு போல, ஒன்றும் ஆகாமல் போகுதுங்க என்றார்.

அடுத்த மூன்று வாரம் நான் கோவளத்தில் தங்காமல், தினமும் தாம்பரத்திலிருந்து இரண்டு கேன் தண்ணீரைப் பஸ்ஸில் கொண்டு போனேன். கண்டக்டர் கேனுக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லித் தினம் சண்டை பிடிப்பார். அந்தத் தண்ணீரில் துவைத்த புது உறையில் அளந்தபோது, மிஷினோடு வந்த பழைய கணக்கே ஒழுங்காக வேலை செய்தது. நான் நான்கு என்று ஊதிச் சொன்ன பறவைக்கு மிஷினும் நிறையக் கொழுப்பு காட்டியது. யாரையும் கொல்ல வேண்டியிருக்கவில்லை. சார் அனுமதிக் கடிதத்தின்மேல் 'பயன்படுத்தப்படவில்லை' என்று பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்பினார். பென்சிலால் எழுதியதற்காக அங்கிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்ததாகக் கேள்வி.

ஹேமா ஒரு வருடம் பின்தங்கிவிட்டாள். உதவித்தொகை நின்றுபோக, பொத்தேரியில் மாணவர்களுக்கு ட்யூஷன் எடுத்துக்கொண்டே, மிஷின் இல்லாமல் எடையையும் ஊதலையும் மட்டும் நம்பி மறு குளிர்காலமும் கோவளம் வந்தாள். என்னோடு சரியாகப் பேச இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதம் எனக்கு வேண்டியதுதான். இப்போது வேறொரு ஊரில் பேராசிரியை. கிறிஸ்துமஸ் அன்று முதல் போன் அவளுடையதுதான். என் நிரந்தரக் கடிதத்தில் சார் எப்போது கையெழுத்துப் போட்டார் என்று பிறகு பார்த்தேன். கோவளத்தில் நான் சொன்ன அதே நாள் தேதி.

மறு வருடம் மார்ச்சில், அதே ஓட்டு வீட்டில், வலையில் வந்த ஒரு உள்ளானின் காலில் வளையம் இருந்தது. எண்ணைப் படித்துச் சொன்னேன். சார் பழைய நோட்டைப் புரட்டினார். ஏழாவது பறவையாக இருந்திருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். அது ஒன்பதாவது. நான் முகம்கூட நினைவில் வைத்துக்கொள்ளாத பறவை. துருவம் வரை போய், குஞ்சு பொரித்ததோ என்னவோ, திரும்ப நம் சேற்றுக்கே வந்திருக்கிறது.

"ஊதுங்க, நானும் பாக்கறேன்" என்று சார் பக்கத்தில் குனிந்தார். அவருக்கு மூச்சு இழுப்பது என் காதில் கேட்டது. மெல்ல ஊதினேன். இறகு விலகியது. குழி நிரம்பி, மேடாகி, அப்படியொரு மஞ்சள். ஐந்து என்றேன்.

எடை போட்டு, பறவையை இடது கையில் பிடித்தபடி அந்த வருடத்து நோட்டில் எழுதப் போனேன். சார் தடுத்துவிட்டு, பழைய நோட்டுக்குள் இருந்த போன வருடத்துத் தாளைப் பிரித்து வைத்தார். பன்னிரண்டு வரிசை, எல்லாவற்றிலும் காலியாகக் கிடந்த அந்தக் கடைசிக் கட்டம். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் அறிந்து அளவு எழுதும் தாளில் அவர் பேனாவால் எழுதியது அந்த ஒரு முறைதான். மேலே 'கடைசி எடை' என்று இருந்ததில் 'கடைசி'யை மட்டும் அடித்துவிட்டு, ஒன்பதாவது வரிசைக் கட்டத்துக்குள் எழுதினார்: முப்பத்தொரு கிராம், பறந்து போய்விட்டார்.

அவர் பேனாவை மூடுவதற்குள் நான் கையைத் திறந்திருந்தேன்.